ஈயம் கட்டிய சைக்கிள் திறப்பு

யசிந்தாவைப் பற்றி வாய் திறக்கிற எல்லாரும் அவள் பூட்டாமல் படுத்த கதவில்தான் தொடங்குவார்கள். தொடங்கட்டும். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் ஒரு சைக்கிள் பூட்டின் திறப்பில் தொடங்குகிறேன், கதவுக்கு முதலே அது வந்துவிட்டது.

எனக்குத் தையல் தொழில். கடலோரக் குருநகரில் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு, முன்னறையில் மெசின். யசிந்தா வீடு அடுத்த ஒழுங்கை. கொன்வென்ற்றில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். பெரியபிள்ளையான வருசம் அவளுக்கு முதல்முதல் வலிப்பு வந்தபோது என் மடியில்தான் விழுந்தாள். அந்த ஒரே காரணத்தால்தான் எனக்கு விசயம் தெரியும். மற்றப்படி தாய் லூர்த்தம்மாவுக்கும் தங்கச்சி இமெல்டாவுக்கும் மட்டும்தான் தெரியும். தகப்பன் சூசைதாசன் அதற்கு முதலே கடலோடு போய்விட்டார்.

ஆசுப்பத்திரியில் டாக்குத்தர் மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே புத்திமதியும் சொன்னார். கிணற்றடிக்குத் தனியப் போகாதே. கடலில் இறங்காதே. படுக்கிற அறையை உள்ளால் பூட்டாதே. "விழுந்து கிடந்தால் ஆர் பிள்ளை கதவை உடைக்கிறது?" என்று கேட்டார். மீன்பிடிகாரன் பெற்ற பெண், கடலில் கால் நனைக்காமலே வளர்ந்தாள். சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிற சாதி அவள். அதுதான் அவளுக்குக் கெடுதலாகவும் முடிந்தது.

ஏன் மறைத்தார்கள் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊரில் வலிப்பு என்றால் அது விழுந்தவளோடு நிற்காது. இரத்தத்தில் ஓடுகிற வருத்தம் என்று சொல்லி வீட்டிலுள்ள மற்றப் பெண்ணையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிடுவார்கள். இமெல்டா அப்போதே பார்க்க லட்சணமாக வளர்ந்துகொண்டிருந்தாள். லூர்த்தம்மா வலை பொத்தியும் கருவாடு போட்டும் பிள்ளைகளை வளர்த்தவ. அவவுக்கு மிஞ்சியிருந்த ஒரே முதல் அந்தப் பெட்டையின் கலியாணம்தான்.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் யசிந்தா பட்டினத்தில் ஒரு ரியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஓலைக் கொட்டகை, அடுக்கடுக்காய் வாங்குகள், நூறு பெடியள். ஒருநாள் பின்னேரம் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றவள் விழுந்துவிட்டாள். கண் விழித்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரோ அவளைச் சரித்துக் கிடத்தி, தலைக்குக் கீழே புத்தகப் பையை வைத்திருந்தார்கள். வலக்கையில் ஒரு சைக்கிள் திறப்பு இருந்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. பூட்டின சைக்கிளைத் திறக்காமலே விட்டுவிட்டு, கொடுத்தவன் நடந்து போயிருக்கிறான்.

அவள் அங்கே நிற்கவில்லை. சேலையைத் தட்டிக்கொண்டு நேரே என்னிடம் ஓடிவந்தாள். நான் அந்தத் திறப்பை வாங்கிப் பார்த்தேன். வளையத்தில் ஒரு ஈயத்துண்டு கட்டியிருந்தது, வலைக்குக் கட்டுகிற ஈயம்.

"உது எங்கடை ஊர்ப் பெடியன்ரை திறப்பு. வேறை ஆர் ஈயம் கட்டப்போறான்?" என்றேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும், றோஸ்."

தெரியவில்லை. மறுநாளும் இல்லை, மறுமாதமும் இல்லை. அவனோ வாயே திறக்கவில்லை. ஆனால் திறக்காமல் இருக்கிறவனை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் பயம். ரியூட்டரிக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலில் பெடியள் பக்கம் திரும்பமாட்டாள். நான் மட்டும் சைக்கிளில் போகிற ஒவ்வொரு அறுவானையும் உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஆரைப் பார்த்தாலும் வெளிநாடு வெளிநாடு என்று அலைந்த காலம். மாலைதீவில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. யசிந்தா எழுதிப்போட்டாள், கிடைத்துவிட்டது. கடலுக்குக் கிட்டப் போகக்கூடாதவள் நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவுக்குப் போனாள். "விசரி, வேறை இடம் கிடைக்கேல்லையோ?" என்று நான் ஏசினேன். "அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அவளுடைய பாவாடை ஒவ்வொன்றுக்கும் உட்பக்கம் மாத்திரை வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அந்தத் திறப்பையும் கொண்டுபோனாள். இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்தாள். லூர்த்தம்மா பழைய இரும்புத் துண்டொன்று கொடுத்ததற்கு, இது போதும் என்று சொல்லிவிட்டாளாம்.

அந்தத் தீவு எவ்வளவு சின்னது என்றால், செபமாலை சொல்லிக்கொண்டு கரையோரமாக நடந்தால் செபமாலை முடியமுதல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாமாம். கோயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. பிள்ளைகள் தங்கமானதுகள். பின்னேரத்தில் கடலுக்குள் குதித்து விளையாடிக்கொண்டு, மிஸ், வாங்கோ வாங்கோ என்று கூப்பிடுவார்களாம். தனக்கு நீந்தத் தெரியாது என்று இவள் கரையில் நிற்பாள். குருநகர்க்காரி நீந்தத் தெரியாது என்று சொல்லி நிற்கிற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

வருத்தம் வருமுன் அவளுக்கு ஒரு அறிகுறி இருந்தது. வாயில் இரும்பு கடித்தமாதிரி ஒரு ருசி. அது வந்தவுடனே கரும்பலகையில் ஒரு கட்டுரைத் தலைப்பை எழுதிவிட்டு, வகுப்புக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குப் போய், பழைய வரைபடங்களுக்கு நடுவில் நிலத்தில் படுத்துக்கொள்வாள். "எங்கள் தோணி", "மழை நாள்", "என் மாமாவின் கடை" என்று கைக்கு வந்த தலைப்பு. அவள் எழும்பி, வாயைத் துடைத்து, தலைமயிரைச் சரிசெய்துகொண்டு திரும்பி வரும்போது பிள்ளைகள் ஒன்றிரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள். அந்த அற்றோல் தீவுக்கூட்டத்திலேயே இவ்வளவு கட்டுரை எழுதுகிற வகுப்பு வேறு இல்லை என்று அதிபர் மெச்சினாராம். இதைத் திரும்பி வந்தபிறகு எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சாமான் அறையில் கண் விழிக்கும்போது தான் எந்த ஊர், எந்த நாடு என்றே கொஞ்ச நேரம் தெரியாதாம். கை தன்பாட்டில் இடுப்புக்குப் போகும். அந்த ஈயம் தட்டுப்பட்டவுடனே தான் யார் என்று நினைவு வந்துவிடும். "அவன் சொல்லிப்போடுவான் எண்டு பயம்தான், றோஸ். ஆனால் நான் விழுந்து கிடக்கேக்கை பயப்பிடாமல் என்னைத் தொட்டவன் அவன் ஒருத்தன்தானே" என்று ஒருமுறை சொன்னாள். அவ்வளவு பெரிய கடலுக்கு நடுவில் அவளுக்கு இருந்த துணை அதுதான், பெயர் தெரியாத ஒருத்தனுடைய திறப்பு.

அதே பள்ளிக்கூடத்தில் வட்டுக்கோட்டை குணலட்சுமி ரீச்சர் கணக்குப் படிப்பித்தா. ரீச்சர்மார் தங்கிய வரிசையில் அடுத்த அறை அவவுடையது. அங்கே தமிழ் கதைக்க இருந்த ஒரே ஆள். முதல் வருசம் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். பிறகுதான் அந்த அம்மாவின் கண்ணில் கதவு பட்டது. யசிந்தா கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்தி, உள்ளே ஒரு வாளியை முட்டுக்கொடுத்து வைப்பாள். ஆராவது தள்ளினால் சத்தம் கேட்கும், தான் விழுந்தால் ஆராவது தள்ளித் திறக்கலாம். அவளுடைய யோசனை அவ்வளவுதான். "ஏன் பிள்ளை பூட்டாமல் படுக்கிறீர்?" என்று கேட்டதற்குப் புழுக்கம் என்றிருக்கிறாள். குணலட்சுமி ரீச்சர் பிறகு சமையலைப் பிரித்துக்கொண்டா, கதையையும் குறைத்துக்கொண்டா. யசிந்தா தமிழ் கதைக்க ஆளில்லாமல் தனக்குத் தானே கதைக்கத் தொடங்கினது அப்போதுதான்.

எண்பத்தாறு முடிகிற நேரம் குணலட்சுமி ரீச்சர் விடுமுறையில் வந்தா. யசிந்தா கொடுத்துவிட்ட மாசிக் கருவாட்டுப் பார்சலைக் கொடுக்கக் குருநகருக்கு வந்திருந்தா. குருநகருக்குக் கருவாடு அனுப்பின பெண் உலகத்தில் இவள் ஒருத்திதான்! அன்றைக்கு நானும் அந்த வீட்டில் நின்றேன். இமெல்டாவுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை சிமியோன், எங்கள் ஊர்தான், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வீடும் சீதனமும் யசிந்தா அனுப்பின காசில்தான். நான் கலியாணச் சட்டைக்கு இமெல்டாவை அளந்துகொண்டிருந்தேன், வாயில் குண்டூசிகள். சிமியோனின் தாய் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

குணலட்சுமி ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினா.

"உங்கடை மகள் நல்லாப் படிப்பிக்கிறா. அதிலை ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் பெத்த தாயிட்டைச் சொல்லாமல் போக மனம் கேக்கேல்லை. அவ கதவு பூட்டிப் படுக்கிறேல்லை, அம்மா."

அவவே தொடர்ந்தா.

"புழுக்கமாம். புழுக்கமெண்டால் யன்னலைத் திறக்கலாம்தானே? தனிய இருக்கிற குமர்ப்பிள்ளை ஆருக்குத் திறந்து வைக்கிறா? பக்கத்துத் தீவுகளிலை இருக்கிற எங்கடை ஆக்கள் எல்லாரும் கதைக்கினம்."

அந்த அறையில் மூன்று பேருக்கு ஏன் என்று தெரியும். ஒரே ஒரு வசனம் போதும். நான் வாயிலிருந்த ஊசிகளைத் துப்பக் கையை வைத்தேன். லூர்த்தம்மா என் காலை மிதித்தா, சும்மா மிதியில்லை, குதிக்காலால். இமெல்டா இரண்டு கையையும் விரித்தபடியே நின்றாள், கண் மட்டும் சுவரைப் பார்த்தது. பிறகு லூர்த்தம்மா சிமியோனின் தாயின் பக்கம் திரும்பினா.

"அவள் எனக்குப் பிள்ளையில்லை, சம்மந்தி. உந்த மூதேவியை நான் பெத்ததே பிழை. இவளிலை அந்தக் குணம் ஒரு துளியும் இல்லை."

ஐயோ, என்ரை மாதாவே! ஒரு ஊசி என் நாக்கில் குத்தி உப்புக் கரித்தது. லூர்த்தம்மா அன்று பின்னேரம் குசினி அடுப்படியில் தலையில் அடித்து அடித்து அழுததையும் நான்தான் பார்த்தேன். அதனால் அவவை முழுக்க வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தைக் குழப்பவில்லை. ஆனால் சிமியோன் ஒரு சொல் சொல்லியனுப்பினான். மூத்தவள் தன்ரை வாசல்படி மிதிக்கக்கூடாது. ஓம் என்றார்கள்.

நான் யசிந்தாவுக்குக் கடிதம் போட்டேன். உண்மையைச் சொல்லப்போகிறேன், நீ ஓம் என்றால் போதும் என்று எழுதினேன். பதில் வந்தது. சொல்லாதே. கெட்ட பேர் எண்டால் என்னோடை முடிஞ்சிடும். வருத்தம் எண்டால் தங்கச்சியிலை ஒட்டும், அவள் பெறப்போற பிள்ளையிலையும் ஒட்டும். ஊரிலை ஒருத்தன் ஏற்கெனவே அறிஞ்சிருக்கிறான், அவன் வாய் திறக்க முந்திக் கலியாணம் முடியவேணும். கீழே, சட்டைக்குக் கை நீளமாகத் தை, இமெல்டாவுக்கு அதுதான் வடிவு என்று வேறு எழுதியிருந்தாள். கலியாணத்துக்கு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.

எண்பத்தொன்பது முடிவில் லூர்த்தம்மா பாரிசவாதத்தில் விழுந்தா. யசிந்தா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். தாயைத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு தீத்தினாள். லூர்த்தம்மாவுக்குப் பேச்சு எடுபட்டுப் போயிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்ப்பா, சத்தம் மட்டும் வரும். "தெரியும் அம்மா, தெரியும்" என்பாள் இவள். அடுத்த வருசம் சண்டை தொடங்கி ஊரோடு எழும்பி ஓடினபோது, வழியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் லூர்த்தம்மா கண்ணை மூடினா. அடக்கத்துக்கு இமெல்டாவும் சிமியோனும் வந்தார்கள். குழியின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவள். இமெல்டா ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

"கலியாணம் முடிஞ்சுதே. இனியெண்டாலும் சொல்லன்" என்று நான் கத்தினேன்.

"இப்ப சொன்னால் ஏமாத்திக் கட்டிவைச்சது எண்டு அவளைத் திருப்பி அனுப்பிப்போடுவான். சும்மா இரு, றோஸ்."

பிறகு நாங்கள் இருவரும் புத்தூரில் ஒரு தோட்டக்காரரின் வளவில் குடிலொன்று போட்டு இருந்தோம். எனக்கு மெசின், அவளுக்கு நாலைந்து வாங்கு. வெங்காயத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அங்கேயும் கதை வந்து சேர்ந்தது. குமர்ப்பிள்ளைகளை நிறுத்திவிட்டு, சின்னனுகளை மட்டும் அனுப்பினார்கள். எங்கள் ஆக்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் வர வழியில்லாத காலத்திலும் கதை மட்டும் எப்படியோ வந்துவிடும். மாத்திரைதான் வரவில்லை. ஒன்று போடவேண்டிய இடத்தில் பாதி போட்டாள், பிறகு காலாக உடைத்தாள். நான் கூட இருக்கிறேன் என்று சொல்லியும் அவள் தனிமை தீரவில்லை. என்னோடு சிரிப்பாள், கதைப்பாள். இமெல்டாவின் பெட்டைக்கு இப்போது எத்தனை வயசு இருக்கும் என்று கேட்டுவிட்டு, தானே கணக்குப் பார்த்துப் பதில் சொல்லுவாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை கிட்ட வர, வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது. நாங்கள் புத்தூரிலிருந்து மீசாலைப் பக்கம் மழையில் நடந்தோம். மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி நான் தூக்கிக்கொண்டேன். தென்மராட்சியில் குருநகர் ஆக்கள் கூடியிருக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அங்கேயே போய்ச் சேர்ந்தோம். கதவில்லாத மண்டபம். பாய்க்குப் பாய் ஒட்டினபடி சனம். "இஞ்சை ஒருத்தரும் கதவைப் பற்றிக் கதைக்கேலாது" என்று யசிந்தா சிரித்தாள். அந்த மண்டபத்தின் மறு கோடியில் இமெல்டா புருசனோடும் மகளோடும் இருந்தாள். எங்களைக் கண்டுவிட்டு மகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாத்திரை முடிந்து சில நாளாகியிருந்தது. காலமை கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். யசிந்தா சட்டென்று என் தோளைப் பிடித்தாள். "வாய் இரும்பு மாதிரி இருக்குது" என்றாள். கை இடுப்புக்குப் போயிற்று. அடுத்த நிமிசம் கஞ்சிக் கோப்பையோடு நிலத்தில் கிடந்தாள்.

சனம் வளைத்துக்கொண்டது. "வலிப்பு! இரும்பு குடுங்கோ!" என்று ஒருத்தி கத்தினா. "ஆற்றை ஆள்? சொந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று ஒரு கிழவர் கேட்டார். நான் அவளைச் சரித்துப் பிடித்தபடி நிமிர்ந்து இமெல்டாவைப் பார்த்தேன். அவள் தூணோடு தூணாக நின்றாள்.

சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தது சிமியோன். தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தான். பிறகு கையில் இரும்பு கொடுப்பதற்காக அவளுடைய விரல்களை மெல்லப் பிரித்தான். அங்கே ஏற்கெனவே இரும்பு இருந்தது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. ஈயத்துண்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

"உது என்ரை திறப்பு" என்றான்.

இத்தனை வருசம் ஊரெல்லாம் தேடின அறுவான் இவன்தானா?

உலுக்கல் அடங்கி அவள் கண் விழித்தாள். அவன் இன்னும் பக்கத்தில் முழங்காலில் இருந்தான்.

"ரீச்சர், நான் உங்களிட்டை ரியூட்டரியிலை படிச்சனான். அண்டைக்கு ஆளைக் கூட்டிவர ஓடினனான், திரும்பி வரேக்கை நீங்கள் இல்லை. பொம்பிளைப் பிள்ளையின்ரை விசயம், நான் ஏன் வெளியிலை கதைப்பான் எண்டு விட்டிட்டன். பூட்டை உடைச்சுத்தான் சைக்கிளை எடுத்தனான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப உமக்கு..."

"தெரியும். உங்கடை வருத்தம் தெரிஞ்சுதான் இமெல்டாவைக் கட்டினனான். என்ரை ஐயாவுக்கும் உதுதான். உதுக்கு ஆர் பயப்பிடுறது? மற்றக் கதை... அந்தக் கதவுக் கதைதான் எனக்குத் தாங்கேலாமல் போட்டுது, ரீச்சர். அதாலைதான் உங்களை வாசல்படி ஏற விடேல்லை."

"கதவை உள்ளாலை பூட்டாதை எண்டது டாக்குத்தர், மடையா!" என்று நான் கத்தினேன். "விழுந்து கிடந்தால் தூக்க ஆள் வரவேணுமெண்டு! வேறை என்னத்துக்கு?"

சிமியோன் திரும்பி இமெல்டாவைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமோ?"

அவள் ஓமென்று தலையை ஆட்டினாள். அப்படியே அக்காவின் காலடியில் சரிந்து இருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மகள் ஒன்றும் விளங்காமல் தாயின் முதுகைத் தடவினாள்.

யசிந்தா அழவில்லை. எழும்பி இருந்தாள். திறப்பை இடுப்புக் கயிற்றிலிருந்து அவிழ்க்கப் பார்த்தாள், மழையில் இறுகிப்போயிருந்தது. கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது. அதை அவனிடம் நீட்டினாள், அவன் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் சொல்லியிருக்கலாம், என்ன றோஸ்?"

வாயில் ஒரு குண்டூசிகூட இல்லை. ஆனாலும் நான் அவள் உடுப்பில் கொட்டியிருந்த கஞ்சியைத்தான் துடைத்தேன்.